தொட்டி நீரும் ஏரி நீரும்

ஹைதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள் ஹுஸேன் சாகர் ஏரிக்கரையில் உலாவியிருப்பர். 16-ஆம் நூற்றாண்டில், இப்ராஹிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில் அமைந்த அவ்வேரி, நெடுங்காலம் நகருக்கு நீரளித்தது. 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தபின் அதன் மதிப்புக் குன்றியது, கழிவுநீர் புகுந்தது, மீன்கள் செத்து மிதந்ததும் உண்டு. நீர் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளாதா?

இவ்வினாவுக்கு விடை 1877-இல் பிரான்சில் கிடைத்தது. ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர் மணல் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்லச் செலுத்தினர். 20 நாள் மாற்றமில்லை. பின்னர் அம்மோனியா நைட்ரேட்டாக மாறலாயிற்று. குளோரோபாரம் கலந்ததும் அம்மாற்றம் நின்றது. ஆகவே, அது நுண்ணுயிர்களின் தொழிலென்று தெளிவாயிற்று.

அதே 1877-இல்தான் தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகளின் இனத்துக்குக் கார்மன் என்பார் பொட்டமோட்ரைகான் எனப் பெயரிட்டார். மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிக்கும் அம்மீன், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பொறாதது. எனவே, அதனைத் தொட்டியில் வளர்ப்போர் முன்னதாகவே சிறிது அம்மோனியா இட்டு, வடிகட்டியில் நுண்ணுயிர் பெருகப் பல வாரம் காத்திருப்பர். அவ்விரு நஞ்சும் அற்றதைச் சோதித்த பின்னரே மீனை விடுவர். எஞ்சும் நைட்ரேட்டை, அடிக்கடி நீர் மாற்றிக் குறைப்பர்.

ஏரிக்கும் இதுவே விதி. நுண்ணுயிர்களின் உழைப்புக்குப் பிராணவாயு வேண்டும், எல்லையும் உண்டு. அவ்வெல்லையைக் கடந்து கழிவைக் கொட்டினால், தொட்டி நீரையாவது மாற்றிவிடலாம். ஏரி நீரை மாற்றுவார் யார்?