கருவிகளுக்கு உரை கண்டவர்கள்

திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை கண்டார். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் உரை கண்டார். நூலுக்கு உரை காண்பது தமிழ்நாட்டின் பழைய மரபு. வீட்டுக்குள் வந்து சேர்ந்த கருவிக்கு உரை காண்பதோ புதிய தொழில். மின்விளக்கு, வானொலி, கணிப்பொறி என்று கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றை முதன்முதலாகத் தொடுகின்றவனுக்கு அவனுடைய மொழியிலேயே விளக்கம் சொல்ல முன்வந்தவர்கள் சிலரே. அவர்களுள் இருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சடையங்குப்பம், மணலி, எண்ணூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வருகின்றவர்களும் இருக்கலாம். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பொறிகளின் ஓசை நடுவே வாழ்க்கை நடத்தும் பகுதி அது. ஆனால் பொறியை இயக்கிய கை தமிழ்க் கை; பொறியோடு கூட வந்த விளக்கப் புத்தகமோ ஆங்கிலம். இன்ன பித்தானை அழுத்தினால் இன்னது நடக்கும் என்று தொழிலாளிக்குத் தெரியும். ஏன் நடக்கிறது என்று அவன் மகன் கேட்டால், காட்டுவதற்கு ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமல்லவா? இந்தக் குறை ஆலைக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக் கூடத்திலும் அதே குறைதான்.

வானொலியையே எடுத்துக்கொள்வோம். 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தோற்றுவித்து, அவ்வாண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையால் அது 1927-இல் நின்றது. பின்னர்ச் சென்னை நகராட்சி அப்பணியை ஏற்று 1930 ஏப்ரல் முதல் நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வடசென்னை மக்கள் இராபின்சன் பூங்காவில் நின்று, பாடகர் இல்லாத பாட்டைக் கேட்டனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு வசதியுள்ள வீடுகளில் வானொலிப் பெட்டி மெல்ல இடம் பிடித்தது.

அந்தப் பெட்டி எளிய பொருளன்று. குமிழைத் திருகியவுடன் அது பேசாது. உள்ளிருக்கும் வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். வெளியே வான்கம்பி கட்டவேண்டும்; தரைக்கு ஒரு கம்பி இறக்கவேண்டும். முள் ஓடும் கண்ணாடியில் ஒருபுறம் மீட்டர், மற்றொருபுறம் கிலோசைக்கிள் என்று இருவகை எண்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவானவை என்பதை யார் சொல்வது? வானொலி அலை நொடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 720 கிலோசைக்கிளில் ஒலிபரப்பும் நிலையம் என்றால், 3,00,000-ஐ 720 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 417 வரும். அந்த அலையின் நீளம் அத்தனை மீட்டர். வகுத்தல் அறிந்த பள்ளிச் சிறுவன் செய்யக்கூடிய கணக்கு! இதனைச் சொல்லிவிட்டால் பெட்டியின் மீதிருந்த மருட்சி பாதி நீங்கிவிடும்.

இத்தகைய பணியைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் பெ. நா. அப்புசுவாமி. 1891-இல் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் உறவினர். படித்தது சட்டம், தொழில் வழக்கறிஞர் தொழில். விஞ்ஞானப் பேராசிரியர் அல்லாத ஒருவர் விஞ்ஞானம் எழுதியது வியப்பாகத் தோன்றலாம். எனக்கு அது வியப்பாக இல்லை. ஒன்றும் அறியாத நடுவருக்கும் விளங்கும்படி வழக்கை எடுத்துரைப்பவருக்கு, ஒன்றும் அறியாத வாசகனை நோக்கிப் பேசுவது கைவந்த கலையாகத்தானே இருக்கும்? 1917-இல் ‘தமிழர் நேசன்’ இதழில் எழுதத் தொடங்கிய அவர், 1986-இல் மறையும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எழுதினார். ‘மின்சாரத்தின் விந்தை’, ‘வானொலியும் ஒலிபரப்பும்’, ‘ரயிலின் கதை’ என்ற பெயர்களே அவர் எங்கே தொடங்கினார் என்பதைக் காட்டும். சூத்திரத்திலிருந்து அல்ல, கண்ணெதிரே நிற்கும் பொருளிலிருந்து.

அவர் எழுதத் தொடங்கியபோது சொற்களும் ஆயத்தமாக இல்லை. 1916-இல்தான் சேலத்தில் இராஜாஜி முதலானோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கூட்டினர். இராஜாஜியே பின்னர்த் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். ஆய்வுக்கூடத்தைத் திண்ணைக்கு இறக்கிய அந்தத் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த புலமை அப்புசுவாமிக்கு இருந்தது. அந்தப் புலமை, கடுஞ்சொல்லைத் தேடிப் போகாமல் எளிய சொல்லைத் தேர்ந்தெடுக்கவே அவருக்குப் பயன்பட்டது.

அடுத்த தலைமுறையில் வந்தவர் சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன். 1935-இல் திருவல்லிக்கேணியில் பிறந்து, குரோம்பேட்டையில் மின்னணுவியல் பயின்று, பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்தவர்; மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்குகொண்டவர். அப்புசுவாமி கருவியை வெளியே நின்று பார்த்து விளக்கினார். இவரோ அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ போன்ற நூல்களாலும், ஜூனியர் விகடனில் வாசகர் வினாக்களுக்கு விடையளித்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியாலும், கணிப்பொறியைக் கண்ணாலும் காணாத ஊர்களுக்கு அதன் கதை போய்ச் சேர்ந்தது. அவர் நடை விரைவானது, சிரிக்க வைக்கும். கலைச்சொல் தயாராகும்வரை காத்திராமல் ‘கம்ப்யூட்டர்’ என்றே எழுதினார். தூய தமிழ் விரும்புவோர் இதற்கு வருந்தியதுண்டு. ஆனால் கடைக்காரரிடம் எந்தச் சொல்லால் கேட்பானோ அந்தச் சொல்லாலேயே வாசகன் முதலில் படிக்கட்டும் என்பதில் நியாயம் உண்டு. கணினி, மென்பொருள் என்ற சொற்கள் பின்னால் வந்து நிலைத்துவிட்டன. அவருடைய எழுத்து அவற்றுக்குத் தடையாக இருக்கவில்லை. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசென்றமைக்காக 1993-இல் தேசிய விருது அவரைத் தேடி வந்தது.

2008 பிப்ரவரி 27-இல் சுஜாதா காலமானார். தொடுதிரைக் கைப்பேசி அப்பொழுதுதான் உலகச் சந்தையில் பரவத் தொடங்கியிருந்தது. சடையங்குப்பத்தில் ஒவ்வொரு சட்டைப்பையிலும் அது இடம்பெற்றது அதற்குப் பின்னர்தான். அதற்கு உரை எழுதும் வேலை மற்றவர் கைக்குச் சென்றது.