ஊசி முனையில் அகப்பட்ட உயிர்

மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டு திரியும் நாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், விரட்டியும் இருக்கிறோம். அந்த நாயை வதைக்கும் பூச்சியும் மனிதருக்குச் சிரங்கைத் தரும் பூச்சியும் ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகள் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். பூச்சி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அது எட்டுக் கால் உடையது. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே சிற்றுண்ணி என்போம். பெண் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, அதனுள் முட்டையிடும். இதைக் கண்டுபிடித்த கதையைவிட, கண்டதை நம்பவைத்த கதைதான் நெடியது.

இத்தாலியில் லிவோர்னோ ஒரு துறைமுக நகரம். அங்கே போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்துக் கடைக்காரரும் ஒரு வழக்கத்தைக் கவனித்தனர். ஏழைப் பெண்கள் சிரங்கு கண்ட தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ குத்தி எடுத்தார்கள். அடிமைகளும் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்துகொண்டனர். அறிஞர் இருவரும் அப்படி எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ஆமை வடிவில் ஓர் உயிர் நகர்ந்தது. அது முட்டையிடுவதையும் கண்டார்கள். சிரங்குக்குக் காரணம் கெட்ட இரத்தமன்று, இந்த உயிரே. ஆகவே உள்ளுக்கு மருந்து கொடுப்பது வீண், மேற்பூச்சே பயன் தரும் என்று 1687இல் போனோமோ, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார்.

மருத்துவ உலகம் ஏற்கவில்லை. நாம் வாத, பித்த, கபம் என்பதுபோல் ஐரோப்பியரும் உடலின் நீர்மங்கள் கெடுவதே நோய் என்று கருதிய காலம் அது. போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசியே எதிர்த்தார். பெண்களும் அடிமைகளும் அறிந்திருந்த செய்தி, மேலும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் மருத்துவர்களுக்கு ஐயமாகவே இருந்தது.

1812இல் பாரிசின் சென் லூயி மருத்துவமனையில் காலே என்பவர் சிற்றுண்ணியைக் கண்டதாக ஆய்வேடு தந்தார். ஆனால் அவர் காட்டிய படம் பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு சிற்றுண்ணியினுடையது என்று ராஸ்பாய் என்ற அறிஞர் பின்னர் வெளிப்படுத்தினார். மற்றவர்களும் தேடித் தேடிக் களைத்தார்கள். காரணம் எளிது: எல்லோரும் கொப்புளத்துக்குள் தேடினார்கள், சிற்றுண்ணியோ வளையின் கோடியில் இருந்தது. 1834 ஆகஸ்டில் ரெனுச்சி என்ற மாணவர் அதே மருத்துவமனையில் ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். அவர் கோர்சிகாத் தீவினர். அங்குள்ள பெண்கள் செய்வதைப் பார்த்துக் கற்றது அவ்வளவுதான்!

இதன் பிறகு கால்நடை மருத்துவர்களும் வேகம் கொண்டனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஹெரிங் 1838இல் பூனையின் தலையில் சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியையும், காதுக்குள் வாழும் இன்னொன்றையும் விவரித்தார். 1842இல் பெர்லினில் சீமோன், மனிதரின் மயிர்க்குழியில் வாழும் புழுப்போன்ற 'டெமோடெக்ஸ்' பற்றி எழுதினார். சில ஆண்டுகளுக்குள் நாயிடமும் அதன் உறவு அகப்பட்டது. நலமான நாயிடமும் அது சிறு அளவில் உண்டு. பால் குடிக்கும் நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேரும். எதிர்ப்பாற்றல் குன்றினால் பெருகித் தோலையே அழிக்கும். இந்நோய் முற்றிய நாய்களைக் கொன்றுவிடுவதே கருணை என்று நெடுங்காலம் எண்ணினார்கள்.

இன்றும் அரிக்கும் நாயைக் கொண்டுசென்றால், மருத்துவர் எண்ணெய் தொட்ட கத்தி அலகால் தோலை இலேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். டெமோடெக்ஸ் பெரும்பாலும் தென்பட்டுவிடும். சொறிச் சிற்றுண்ணியோ, இருந்தும் அகப்படாமல் போவது மிகச் சாதாரணம். 'காணவில்லை' என்பது 'இல்லை' ஆகாது. ஆதலால் அவர் நாயின் காது மடலின் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பார். அதே பக்கத்துப் பின்னங்கால் சொறிவதுபோல் ஆடினால் ஐயம் வலுக்கும். தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் ஒவ்வாமை, படர்தாமரை, தூசும் உணவும் தரும் ஒவ்வாமை ஆகியனவும் இதே கோலத்தில் வரும். காரணம் அறியாமல் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவோர் பல நாடுகளிலும் உள்ளனர். நாய் அதை நக்கி நஞ்சுண்ணும்.

மருந்தின் கதையில் கந்தகம் மிகப் பழையது. பெரிய திருப்பம் ஜப்பானின் மண்ணிலிருந்து வந்தது. சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் குழுவினர் உருவாக்கிய ஐவர்மெக்டின் 1981இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. இருவரும் 2015இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். நாய்களின் சொறிக்கும் அது அருமருந்தாயிற்று. ஆனால் 'கோலி' இன மேய்ப்பு நாய்கள் சில தள்ளாடி, மயங்கி இறந்தன. மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் புரதத்துக்கான மரபணு அவற்றில் பழுதுபட்டிருப்பது 2001இல் தெரிந்தது. பூனைக்கு வேறோர் ஆபத்து: நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது, அது உயிரையே வாங்கும்.

2013-14இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதுவகை மாத்திரைகள் வந்தன. தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் என்று வந்த இவற்றால் டெமோடெக்ஸ் கண்ட நாய்களும் மாத்திரை விழுங்கியே குணமடைகின்றன.