செவ்வாய் வரை போன ஒரு பிழை

கணினிப் பிழைகளின் வரலாற்றில் மிகவும் பிரபலமான ஒன்று 1997ல் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் மாணவர்கள் பாடத்திலேயே படித்திருப்பார்கள். நம்மைப் போல காமர்ஸ் படிப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாயில் இறங்கியது. காற்றுப் பைகளுக்குள் பொதிந்து, பந்து மாதிரி குதித்துக் குதித்து இறங்கிய விண்கலம் அது! சில நாட்களிலேயே அதன் கணினி தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போனது. முப்பதே நாட்களுக்குத் திட்டமிட்ட பணியில் ஒரு நாள் போனால் சும்மாவா?

காரணம் இதுதான். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு பேரேடு. அதைக் கடைநிலை குமாஸ்தா எடுத்து வைத்திருக்கிறார். மேனேஜருக்கும் அது அவசரமாக வேண்டும், காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நடுவிலுள்ள அதிகாரிகள் குமாஸ்தாவை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டே இருந்தால்? பேரேடு திரும்பாது, மேனேஜர் வேலையும் முடியாது.

விண்கலத்தில் குமாஸ்தா, வானிலைத் தகவலைக் கவனிக்கும் நிரல். மேனேஜர், கருவிகளின் தகவலைப் பிரித்து அனுப்பும் நிரல். ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும் பாதையில் இருந்த பூட்டுதான் பேரேடு. முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று பார்த்த கண்காணிப்பு நிரல், எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டது.

இதற்கு மருந்து புதிதல்ல. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட வேண்டும். இதை விளக்கி 1990ல் ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி மூவரும் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. (ராஜ்குமார் நம் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்!) விண்கலத்தில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்திலும் அந்த வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது போடப்படவில்லை, அவ்வளவுதான்.

பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில் அதே ரீசெட்டை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள். திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது. செப்டம்பர் 27 வரை விண்கலம் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இந்த ரீசெட் எப்போதாவது தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியாததால் பிடிபடவில்லை. ஆனால் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் சோதனை வசதியை நீக்காமல் அப்படியே அனுப்பியிருந்தார்கள். அதுதான் காப்பாற்றியது.

நம் பாஷையில் சொன்னால், ட்ரையல் பாலன்ஸ் ஒருநாள் ஒரு ரூபாய் இடித்து மறுநாள் தானாகச் சரியாகிவிட்டால் தப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க வவுச்சர்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்!