சக்கர விளிம்பின் எவர்சில்வர் வளையம்

காரின் இரும்புச் சக்கரத்தில் டயரை ஒட்டியுள்ள ரிம் ஓரத்தை மறைத்து உட்காரும் பளபளப்பான வளையம்தான் வீல் டிரிம் ரிங். அமெரிக்காவில் இதை பியூட்டி ரிங் என்றும் சொல்வார்கள். நடுவே அச்சு முனையை மூடும் வீல் கப் வேறு, சக்கரம் முழுவதையும் மூடும் பெரிய தட்டு வேறு. வளையம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். இது அழகுக்காக மட்டுமே வந்தது. ஆனாலும் எந்தக் காலத்தில் எப்படிப்பட்ட வளையம் என்பதை, அடியில் இருந்த சக்கரமே முடிவு செய்தது.

ஃபோர்டின் மாடல் டி பெரும்பாலும் மர ஆரக்கால்களில் ஓடியது. 1928 முதல் 1931 வரை விற்ற மாடல் ஏ-க்குக் கம்பி ஆரக்கால்கள். இரண்டிலும் ஆரக்கால்களே அலங்காரம். 1936-இல் ஃபோர்டு அழுத்தி வடிவமைத்த தகட்டுச் சக்கரத்துக்கு மாறியது. செய்ய எளிது, உறுதி அதிகம், கழுவவும் சுலபம். பார்வைக்கு மட்டும் வெறிச்சென்று இருந்தது. அந்த வெறுமையில்தான் வளையத்துக்கு இடம் கிடைத்தது. அதற்கான உலோகமும் கைக்கு வந்திருந்தது: 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு (எவர்சில்வர்), 1930-ஆம் ஆண்டு மாடல் ஏ-யின் ரேடியேட்டர் முகப்புக்கு வந்துவிட்டது. டெட்ராய்ட்டின் ஜார்ஜ் ஆல்பர்ட் லயன் சக்கர மூடிகளுக்கும் வளையங்களுக்கும் ஏராளமான காப்புரிமைகளைப் பெற்றார். பிரிட்டனில் கவென்ட்ரியின் கார்னர்கிராஃப்ட் நிறுவனம் 'ஏஸ்' என்ற பெயரில் இவற்றை விற்றது. அங்கே வழங்கிய பெயர் ரிம்பெல்லிஷர்.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பளபளப்பை நிறுத்தியது. 1942 தொடக்கத்தில், பம்பர் தவிர வேறு பளபளப்பு அலங்காரம் கூடாது என்று அமெரிக்க அரசு தடை விதித்தது. நிறுவனங்கள் செய்து வைத்திருந்த பாகங்களின் மேலேயே வண்ணம் அடித்து வண்டிகளை வெளியே விட்டன. அந்தப் பிப்ரவரியில் கார் தயாரிப்பே நின்றுபோனது. போர் முடிந்தபின் கார் கிடைத்தது, வெள்ளைப் பக்கம் கொண்ட டயர் கிடைக்கவில்லை. அதனால் வளையத்துக்கு வெள்ளை வண்ணம் பூசி, தூரத்திலிருந்து பார்த்தால் டயர் வெள்ளையாகத் தெரியும்படி செய்தார்கள். இந்த வரலாற்றில் ரசிக்கத்தக்க ஏமாற்று இதுதான்.

1950-களில் முழுச் சக்கரத்தையும் மூடும் தட்டுகள் வளையத்தை ஓரங்கட்டின. அதைத் திரும்பக் கொண்டுவந்ததில் டிஸ்க் பிரேக்குக்குப் பங்கு உண்டு. சூடாகும் பிரேக்குக்குக் காற்று வேண்டும். முழுத் தட்டு அதைத் தடுக்கும். 1967-இல் ஷெவர்லே, கொர்வெட்டுக்கும் டிஸ்க் பிரேக் பூட்டிய கமாரோவுக்கும் ராலி வீல் தந்தது: வெள்ளி வண்ணம், ஐந்து காற்றுத் துளைகள், நடுவே ஒரு கப், ஓரத்தில் எவர்சில்வர் வளையம். இன்று மாற்று வளையம் தேடுவோரில் பலர் இந்தச் சக்கரத்துக்காகவே தேடுகிறார்கள்.

அந்தத் தேடலில் பெரும்பாலோர் சறுக்குவது அளவில்தான். கொர்வெட் ராலி வீலின் விட்டம் எப்போதும் 15 அங்குலம். அகலமோ 1967-இல் 6, 1968-இல் 7, 1969 முதல் 8 அங்குலம். ஆகவே '15 அங்குல வளையம்' என்று கேட்டு வாங்கினால் போதாது. ரிம் ஓரத்திலிருந்து சக்கர முகம் வரையுள்ள ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும். ஆழம் கூடிய வளையம் முகத்தில் முட்டி வெளியே துருத்தும். ஆழம் குறைந்த வளையம் ரிம்மின் வண்ணப்பட்டையை வெளியே காட்டிவிடும். வளையத்தின் பின்புறமும் முக்கியம். கொர்வெட்டின் அசல் வளையங்களில் தனித்தனி கிளிப்புகள் இருக்கும். மறுதயாரிப்புகள் பலவற்றில் சுற்றிலும் பல் வெட்டிய பட்டை இருக்கும். ஓட்டுவதற்கு இரண்டும் சரி. 1974-இல் தொடங்கிய தேசிய கொர்வெட் மீட்பாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் மதிப்பீட்டில் மட்டும் இந்த வித்தியாசம் புள்ளியைக் குறைக்கும்.

உலோகத்தைக் கண்டறிய, பாத்திரக்கடையில் செய்வதுபோல் காந்தம் வைத்துப் பார்ப்பது பயன்படாது. கார் அலங்காரத்துக்கு அதிகம் பயன்படும், நிக்கல் சேராத எவர்சில்வர் வகையைக் காந்தம் இழுக்கும். குரோமிய முலாம் பூசிய சாதா இரும்பையும் இழுக்கும். உட்பக்க மடிப்பைப் பார்ப்பது மேல்: முலாம் பூசியதில் அங்கேதான் துரு முதலில் தலைகாட்டும். எவர்சில்வரில் நெளிவு விழுந்தால் தட்டி நிமிர்த்தி மெருகேற்றலாம். முலாம் உரிந்ததை மறுபடி முலாமுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பொருத்தும்போது வால்வுத் துளையை முதலில் நேராக வைத்து, பிறகு உள்ளங்கையாலோ ரப்பர் சுத்தியலாலோ சுற்றிலும் தட்டி இறக்குவது வழக்கம். பிடி தளர்ந்த வளையம் ஓட்டத்தில் மெல்லச் சுழன்று வால்வுத் தண்டை அறுத்துவிடும். ரிம் ஓரத்தில் மாட்டிய ஈயச் சமன் எடைகளும் வளையத்தைச் சரியாக உட்கார விடுவதில்லை. அவற்றைச் சக்கரத்தின் உட்பக்கத்துக்கு மாற்றிய பிறகே வளையத்தை மாட்ட வேண்டும்.