ஒரு தரம்! இரண்டு தரம்!

நம் வீட்டுச் சாமான்களின் பெயர்களை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மேசை என்கிறோம், அது போர்த்துகீசியச் சொல். அலமாரியும் அப்படித்தான். அலமாரியைத் திறக்கிற சாவியும், அதன்மேல் வெயில் படாமல் நாம் சாத்தி வைக்கிற ஜன்னலும் அதே கப்பலில் வந்து இறங்கியவையே. பீரோவைக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சோபாவுக்குப் பூர்விகம் அரபு தேசம். நாற்காலி மட்டும் நல்ல தமிழ். வந்த பொருளுக்கு நாலு கால் இருப்பதை எண்ணிப் பார்த்து நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள் போலும்! யாழ்ப்பாணத்தார் அந்தச் சிரமத்தைக்கூட மேற்கொள்ளவில்லை. போர்த்துகீசியர் சொன்னதையே ‘கதிரை’ என்று ஆக்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சாமான்கள் பலவும் நம்மவர் கைக்கு வந்து சேர்ந்த வழிக்கு ஏலம் என்று பெயர். அந்தச் சொல்லும் போர்த்துகீசியரிடமிருந்து வந்ததுதான். அவர்களோ அதை அரபு மொழியிலிருந்து எடுத்தவர்கள். ஆக, பொருளும் கை மாறியது, பெயரும் கை மாறியது, கை மாறுவதைச் சொல்கிற வார்த்தையும் கை மாறியது!

விலக்கு ஒன்று உண்டு: கட்டில். அது நம்முடைய பழைய சொத்து. அரசன் ஏறியது அரசுகட்டில். முரசம் வைத்தது முரசுகட்டில். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பு மிகுதியால் சேர மன்னனுடைய முரசுகட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டதும், தண்டிக்க வேண்டிய மன்னன் விசிறி எடுத்து வீசியதும் புறநானூற்றில் இருக்கின்றன. மற்றபடி நம் பாட்டன்மார் வீட்டில் என்ன இருந்தது? பாய், மணை, பெட்டி, வசதி இருந்தால் ஓர் ஊஞ்சல். உட்காரத் திண்ணை இருந்தது. அதற்குக் கால் கிடையாது.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் உண்டு. சென்ற வருஷம் நானும் என் மனைவியும் சென்னையில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் குடி புகுந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு நாற்காலியைப் போட்டால் மனிதன் உள்ளே வந்துவிட வேண்டிய அளவில் ஒரு பால்கனி. கடையில் புதுச் சாமான் விலையைக் கேட்டோம். அட்டையையும் மரத்தூளையும் அழுத்திச் செய்து மேலே மரம்போலக் காகிதம் ஒட்டியதற்கு அந்த விலை! பழைய சாமானே போதும் என்று தீர்மானித்தோம். ஒரு பெட்டி, ஒரு மேசை, ஒரு சாய்வு நாற்காலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

ஊரிலிருந்து என் அத்தை வந்தாள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏண்டாப்பா, இதெல்லாம் யார் வீட்டுச் சாமானோ? யார் யார் செத்ததோ?” என்றாள்.

“கட்டில் மட்டும் புதுசு அத்தை” என்றாள் என் மனைவி.

“அது போதும்” என்று அத்தை சமாதானம் அடைந்தாள்.

அத்தை கேட்ட கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சரித்திரம் அவள் பக்கம்தான் இருக்கிறது.

முதலில் அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற சந்தையில் வாங்கியது. மூலைகளில் பித்தளைத் தகடு. இழுப்பறைகளின் கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிராமல் மரத்துக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. நடுவில் இரண்டு பாகமாகப் பிரிகிறது. கால்களைத் திருகிக் கழற்றிவிடலாம். “வெள்ளைக்காரத் துரை வெச்சிருந்தது சார்” என்றார் விற்றவர். பழைய சாமான் கடையில் துரை வைத்திராத பொருள் ஏது? ஆனால் இந்த அமைப்பு அவருக்காகச் சாட்சி சொன்னது. பல்லாவரம் ஒரு காலத்தில் கும்பெனிப் பட்டாளத்தின் கன்டோன்மென்ட். பட்டாளம் கூடாரத்தோடு நகரும். அதிகாரியின் சாமானும் கூடவே மாட்டின்மேலும் வண்டியிலும் நகர வேண்டும். அதனால்தான் கழற்றிப் பூட்டும்படியாக மேசையும் கட்டிலும் பெட்டியும் செய்தார்கள். கூடாரத்துக்காகச் செய்த பெட்டி எங்கள் அடுக்குமாடி வீட்டின் குறுகிய மாடிப்படியில் சிரமமில்லாமல் ஏறிவிட்டது. பங்களாவுக்காகச் செய்த அலமாரி ஒன்றையும் பார்த்தோம். அதற்கு எங்கள் கூரையில் ஓர் ஓட்டை போட வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு இந்த நாட்டில் இரண்டு மழைக்காலம்தான் ஆயுள் என்று பம்பாய்ப் பக்கத்தில் அவர்களுக்குள்ளேயே ஒரு பழமொழி வழங்கிற்று. வாந்திபேதி, ஜுரம், வெயில், சாராயம்! ஒருவர் இறந்தால் உறவினர் இருப்பது ஆறுமாதக் கடல் பயணத்துக்கு அப்பால். நாற்காலியைக் கப்பலில் அனுப்பினால் கூலிக்குக் காணாது. ஆகவே இருந்ததையெல்லாம் ஜாபிதா எடுத்து, ஏலத்தில் விற்று, பணத்தை அனுப்புவார்கள். 1726-ஆம் வருஷத்துச் சாசனப்படி அமைந்த சென்னை மேயர் கோர்ட்டுக்கு இறந்தவர் சொத்தைப் பற்றிய அதிகாரமும் இருந்தது. இப்படி எடுத்த ஜாபிதாக்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பட்டாளத்திலோ இறந்த அதிகாரியின் உடைமைகளைச் சக அதிகாரிகளுக்குள்ளேயே ஏலம் விடுவது வழக்கம். நேற்று வரை அவரோடு சாப்பிட்டவர் இன்று அவருடைய மேசையை ஏலம் கேட்பார். இரக்கமில்லாத காரியம் என்று தோன்றும். ஆனால் அந்த ரூபாய்தான் எங்கோ ஒரு தாயாருக்குப் போய்ச் சேர வேண்டிய ரூபாய். அதிக விலை கேட்பதே அங்கே அனுதாபம் தெரிவிக்கும் முறையாக இருந்திருக்கலாம்.

மேசை காரைக்குடியிலிருந்து வந்தது. அங்கே முனீசுவரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழைய சாமான் கடைகள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது தூண், கதவு, கண்ணாடி, படம், பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. எங்கள் மேசை பர்மாத் தேக்கு. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். செல் அரிக்கவில்லை, உளுத்த மாவு உதிரவில்லை. இழுப்பறை மூலையில் ஆணியே இல்லை. விரல்களைக் கோத்தாற்போல் பலகைகளைப் பல் பல்லாகக் கோத்திருக்கிறான் ஒரு தச்சன்.

அந்தத் தேக்குக்குள் ஒரு யுத்தம் இருக்கிறது. பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி, வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று பர்மிய அரசாங்கம் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதையே காரணமாகக் காட்டி 1885 நவம்பரில் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மாந்தளை விழுந்தது. திபோ மன்னரை மேற்குக் கரையில் உள்ள ரத்தினகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1916-இல் அங்கேயே காலமானார். காட்டோடு தேசமும் கை மாறிற்று. பர்மாவில் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் செல்வத்தில் செட்டிநாட்டு வீடுகள் எழுந்தன. தேக்கு கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனில் சம்பாதித்ததை ரங்கூனிலேயே போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். மேசை மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது!

தேக்கு விஷயத்தில் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மலையாளக் காட்டுத் தேக்கு கப்பல் கட்டியே தீர்ந்துகொண்டு வந்தது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், கலெக்டர் கனோலியும் சாத்து மேனோனும் 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். தேக்கு முதிர அறுபது, எழுபது வருஷங்கள் ஆகும். நட்டவர் அந்த மரத்தில் செய்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை. கனோலி 1855-இலேயே கொலையுண்டு இறந்தார். அவர் பெயரால் வழங்கும் தோட்டத்தில் பழைய தேக்கு மரங்கள் இன்னமும் நிற்கின்றன. நல்ல மரச்சாமான் ஆரம்பத்திலிருந்தே அடுத்தவருக்காகத்தான் வளர்கிறது.

சாய்வு நாற்காலி சென்னைப் பட்டணத்தையே சேர்ந்தது. பிரம்பு அறுந்து கிடந்ததைப் புதிதாகப் பின்ன வைத்தேன். அதற்கு முன்னால் அது எத்தனை வீடு மாறியதோ! இந்தப் பட்டணத்தில் மேசை நாற்காலிகள் பெருவாரியாகக் கை மாறிய இரண்டு சமயங்களை எண்ணிப் பார்க்கிறேன். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அடுத்தது சென்னைதான் என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். சர்க்கார் ஆபீஸ்களே உள்நாட்டுக்குப் போயின. மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்தென்று சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். ரயிலில் குழந்தைகளை ஏற்றவே இடமில்லாதபோது அலமாரியை யார் ஏற்றுவார்கள்? கிடைத்த விலைக்குத் தள்ளியவர்களும் உண்டு, பூட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. இரண்டாவது சமயம் 1947. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டின. நேற்று வரை வாசற்படியில் நின்று பேசியவர், இன்று உள்ளே போய் நாற்காலிக்கு விலை பேசினார்.

இப்படி வெளிவந்த சாமான்கள் சுற்றித் திரிந்து தங்குகிற இடமாகப் பட்டணத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டிடத்தில் பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரம் என்று கிடைக்காத பொருள் இல்லை. 1985 மே மாதத்தில் தீப்பற்றி எரிந்துபோயிற்று. அங்கே இப்போது புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன.

மரணம், யுத்தம், ஓட்டம், ராஜ்ய மாற்றம்! பழைய சாமான் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அது பழசு என்பது மட்டும் அல்ல. யாரோ ஒருவருக்குக் காத்திருக்க நேரமில்லை. அந்த அவசரத்தின் அளவுதான் நமக்குக் கிடைக்கிற தள்ளுபடி. நம்மூரில் இந்தப் பட்டியலோடு கடனையும் சேர்க்க வேண்டும். அமீனா வாசலுக்கு வந்து, தண்டோரா போட்டு, ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி வீட்டுச் சாமான் தெருவில் போவதைவிடக் குடும்பத்துக்குப் பெரிய அவமானம் இருந்ததா? அப்பொழுதும் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவைப் பாருங்கள். உடுக்க அவசியமான துணி, சமையல் பாத்திரம், கட்டிலும் படுக்கையும், தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி ஸ்திரீகள் கழற்றக் கூடாத நகை, இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. மேசையும் அலமாரியும் இந்தப் பட்டியலில் இல்லை. அத்தை சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் கட்டில் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றது எப்படியும் வரலாம் போகலாம் என்ற அவளுடைய தீர்ப்பும் கிட்டத்தட்ட அதுவேதான்.

எங்கள் குடும்பத்துப் பொருளும் இந்த வழியே போயிருக்கிறது. ஊர் வீட்டைப் பாகம் பிரித்தபோது கூடத்து ஊஞ்சல் மிஞ்சிற்று. சகோதரர்கள் நால்வருக்கும் அது வேண்டும். நால்வர் வீட்டிலும் மாட்ட இடமில்லை. ஒரு வியாபாரி வந்து பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதன் ஓரத்தில் என் தகப்பனார் வெற்றிலை உரலை வைத்து இடித்து இடித்து ஒரு குழி விழுந்திருக்கும். இன்றைக்கு எந்த ஊரிலோ ஒரு குழந்தை அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு ஆடும். இது எப்படி வந்தது என்று கேட்டால், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பெட்டியைச் செப்பனிட வந்த தச்சர் மேற்பலகையில் இருந்த ஒரு வட்டக் கறையைக் காட்டினார். ஏதோ கோப்பையோ விளக்கோ வெகு நாள் நின்ற இடம். “லேசா இழைச்சுவிட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்” என்றார்.

“வேண்டாம், அது இருக்கட்டும்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வார்னிஷ் மட்டும் பூசிக் கொடுத்தார். இப்போது அந்த வட்டத்தின்மேல்தான் என் காபி டம்ளரை வைக்கிறேன். அளவு சரியாக இல்லை. பக்கத்தில் இன்னொரு வட்டம் விழுந்துகொண்டு வருகிறது. என் மனைவி முதலில் கோபித்துக்கொண்டாள். இப்போது தன் டம்ளரையும் அங்கேயே வைக்கிறாள். எங்கள் முறை முடிந்த பிறகு இரண்டு வட்டங்களோடு பெட்டி யார் வீட்டுக்காவது போகட்டும். இரண்டாகப் பிரிகிற பெட்டி அது. மாடிப்படி இறங்குவதில் சிரமம் இராது.