வரிசையை யார் போடுவது? செய்தியோடைகளின் கதை

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வெளிநாடு வந்தபின் நம்மில் பலர் தமிழ் எழுத்துக்குத் திரும்பியது இந்த வழியாகத்தான். தமிழில் இதற்குச் செய்தியோடை என்று பெயர். ஆங்கிலத்தில் ஆர்.எஸ்.எஸ். இந்திய அரசியலில் அடிபடும் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு.

பல இடத்துச் செய்தியை ஓரிடத்தில் சேர்க்கும் ஆசை இணையத்துக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் 1792இல் வந்த அஞ்சல் சட்டம், பத்திரிகை நடத்தும் ஒருவர் தம் இதழின் ஒரு பிரதியை நாட்டின் மற்ற பத்திரிகைக்காரர்களுக்குத் தபால் செலவில்லாமல் அனுப்ப வழிசெய்தது. வந்து சேர்ந்த இதழ்களிலிருந்து வேண்டியதைக் கத்தரித்து, சிற்றூர் ஆசிரியர்கள் தங்கள் இதழில் மறுபடி அச்சிட்டார்கள். நிருபர் வைக்க வசதியில்லாத ஊருக்கும் தலைநகரச் செய்தி வந்தது. அதற்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

இணையத்தில் அப்படி ஒரு பொதுவிதி 1999 மார்ச்சில் பிறந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் வாசகர் தாமே அமைத்துக்கொள்ளும் முகப்புப் பக்கம் ஒன்றை நடத்தியது. மற்றத் தளங்களின் தலைப்புகளை அங்கே கொண்டுவர ஒரு கோப்பு வடிவம் தேவைப்பட்டது. டான் லிபியும் ஆர்.வி. குஹாவும் அதை உருவாக்கினார்கள். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நெட்ஸ்கேப்பை வாங்கிய ஏ.ஓ.எல். இதில் அக்கறை காட்டவில்லை; 2001இல் கைவிட்டது. ஆனால் அதற்குள் வடிவம் வெளியே போய்விட்டது. 2000இல் ஒரு குழு அதற்கு ஒரு புதுப் பதிப்பு தந்தது. அதில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற 14 வயதுப் பையனும் இருந்தான். 2002இல் டேவ் வைனர் இன்னொரு பதிப்பு தந்தார். 2005இல் ஆட்டம் என்ற மாற்று வடிவமும் வந்தது. உருவாக்கியவர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஆனால் யாரும் கதவைப் பூட்டவில்லை, ஏனென்றால் பூட்டுவதற்கு அங்கே கதவே இல்லை.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது? தலைப்பு, தேதி, நேரம், ஒரு சிறு குறிப்பு, முழுதும் படிக்கப் போகவேண்டிய முகவரி. அவ்வளவுதான். நான் செவிலியர், எனக்கு இது வார்டில் நாங்கள் எழுதும் நோயாளியின் சார்ட் மாதிரியே தெரிகிறது. யார் எழுதினாலும் ஒரே தலைப்புகள் என்பதால், அடுத்த டியூட்டிக்கு யார் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். இரவு டியூட்டி முடித்துப் போகிறவர் தமக்குச் சுவாரசியமாகப் பட்டதை மேலே ஏற்றி எழுத முடியாது. காய்ச்சல் 2 மணிக்கு வந்தால் 2 மணி என்றுதான் இருக்கும். ஓடையிலும் அப்படியே. எந்தெந்தத் தளம் என்று வாசகர் தேர்ந்தெடுக்கிறார், வரிசையை நேரம் போடுகிறது.

இந்த ஓடைகளைச் சேர்க்கும் இடத்துக்குத் தமிழ் வலைப்பதிவர்கள் வைத்த பெயர் திரட்டி. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அதில் முன்னோடி. தேன்கூடு போன்றவை பின்னால் வந்தன. அப்போதுதான் ஒருங்குறி பரவி, எழுத்துருவைத் தேடி இறக்கும் தொல்லை குறைந்திருந்தது. சென்னையில் எழுதியவரும் கொழும்பில் எழுதியவரும் டொரொண்டோவிலும் சிங்கப்பூரிலும் எழுதியவர்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றார்கள். இன்று பேர்பெற்ற எழுத்தாளருக்குக் கீழே நேற்று எழுத ஆரம்பித்தவர் இருப்பார். யாருக்கு மறுமொழி வந்திருக்கிறது என்றும் தெரியும். சண்டையும் இருந்தது, சாதிப் பேச்சும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு திண்ணை இருந்தது.

இதே காலத்தில் வேறொரு வழியும் வளர்ந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பல பத்திரிகைகளில் தேடிப் படிக்கும் சிரமத்தைக் கண்டு, கிருஷ்ணா பரத் என்ற பொறியாளர் கூகுள் நியூஸை உருவாக்கினார். அவரும் சென்னை ஐ.ஐ.டி. மாணவரே. 2002இல் அது வெளிவந்தது. எது முதலில் நிற்க வேண்டும் என்பதை அங்கே கணினி நிரல் முடிவு செய்தது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் வரிசை வாசகர் கையைவிட்டுப் போகத் தொடங்கியது இங்கேதான்.

மூன்றாவது வழி ஏ.பி.ஐ. ஒரு நிறுவனத்தின் கணினியிடம் இன்னொரு மென்பொருள் தகவல் கேட்டு வாங்கும் வாசல் அது. கேட்பவர் பதிவு செய்து சாவி வாங்க வேண்டும். இத்தனை முறைதான் கேட்கலாம் என்று கணக்கு உண்டு. சாவி கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கவும் முடியும். 2013 ஜூனில் ட்விட்டர் தன் பழைய ஏ.பி.ஐ.யை மூடியபோது, அதோடு சேர்ந்து அதன் ஓடைகளும் நின்றன. அடுத்த மாதம் முதல் தேதியில், பயன்பாடு குறைந்துவிட்டது என்று சொல்லி, கூகுள் தன் ரீடரை மூடியது. 2005இலிருந்து பலர் காலையில் முதலில் திறந்த பக்கம் அது. 2023இல் ட்விட்டர் இலவச ஏ.பி.ஐ.க்கும் முடிவு கட்டியது; அதை நம்பிக் கட்டிய எத்தனையோ சிறு சேவைகள் படுத்தன.

இதில் என்ன உயிர்போகும் காரியம் என்று கேட்கலாம். கனடாவில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செய்திக்குப் பணம் தரவேண்டும் என்று அங்கே 2023இல் சட்டம் வந்தது. அதற்கு மெட்டா நிறுவனத்தின் பதில், ஆகஸ்ட் முதல் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்தியது. அதே மாதம் வடக்கே காட்டுத்தீ நெருங்கி, யெல்லோநைஃப் நகரத்தின் சுமார் 20,000 பேரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியின் இணைப்பைக்கூடப் பகிர முடியாமல், மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். சட்டம் சரியா, நிறுவனம் சரியா என்ற வழக்கு இருக்கட்டும். ஊர்ச் செய்தி முழுவதும் ஒரே வாசல் வழியாக வரும்படி விட்டால், வாசல்காரர் கோபித்த அன்று தீ வந்தாலும் நமக்குத் தெரியாது.

நல்லவேளையாக ஓடை வற்றவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகளில் பெரும்பாலானவை இன்றும் அதே ஆர்.எஸ்.எஸ். கோப்பில்தான் வருகின்றன. பல செய்தித் தளங்களும் வலைப்பதிவுகளும் ஓடை வைத்திருக்கின்றன. யூடியூப் சேனல்களுக்கும் உண்டு. இதுபோன்ற நேரலைப் பேச்சுகளையும் அப்படித் தொடரலாம். ஓடைபடிப்பான் ஒன்றை நிறுவி, பத்துத் தளங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஊர்ப் பத்திரிகை ஒன்று, ஈழத்துத் தளம் ஒன்று, நீங்கள் வாழும் நாட்டின் செய்தி ஒன்று இருக்கட்டும். இதழ் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போது ஓடையை அடைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் வேலை முடித்து வந்து, விட்ட இடத்திலிருந்து நேர வரிசையில் படித்துக்கொண்டிருப்பார்.