எந்த நாழியால் அளப்பது?

2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பாசுமதி அல்லாத வெள்ளையரிசியை வெளிநாடுகளுக்கு அனுப்பலாகாதென இந்திய அரசு தடை விதித்தது. அடுத்த திங்களில் சிங்கப்பூருக்கு விலக்களிக்க இசைந்தது. உணவில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடல்கடந்து பெறும் நகரம் நம்முடையது. ஆதலின், எம்முறையால் விளைச்சல் பெருகும் என்னும் வினா, தேக்காச் சந்தையில் பை ஏந்தி நிற்கும் நமக்கும் உரியதேயாம்.

மரபணு மாற்றிய பயிரே உலகுக்குச் சோறிடும் என்பார் ஒரு சாரார். இயற்கை வேளாண்மையே இடும் என்பார் மற்றொரு சாரார். இருவர் கையிலும் எண்கள் உள. 2012 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இயற்கைமுறை விளைச்சல் வழக்கமான முறையினும் நூற்றுக்கு 5 முதல் 34 வரை குறையும் என்றது. 2014 இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக அறிஞர் இருவர், மரபணு மாற்றத்தால் விளைச்சல் சராசரி நூற்றுக்கு 22 உயர்ந்தது என்றனர். இவ்விரண்டையும் ஒரே தராசில் இடுதல் பொருந்தாது. முன்னது சாகுபடி முறையைச் சாகுபடி முறையோடு ஒப்பிட்டது. பின்னது விதையை விதையோடு ஒப்பிட்டது. அன்றியும், பின்னது ஆராய்ந்தவை சோயா, மக்காச்சோளம், பருத்தி ஆகியனவே, நெல் அன்று.

இனி வரலாறு யாது கூறுகின்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவில் சீனக் குடியானவர்கள் காம்பியரையும் மிளகையும் சேர்த்துப் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்சியெடுத்த சக்கையே மிளகுக்கு எரு. இரசாயன உரம் ஒரு பிடியும் இல்லை. ஆயினும் சில ஆண்டுகளில் மண் சலித்தது. அடுப்புக்கு விறகாகிக் காடும் அழிந்தது. தோட்டக்காரர் பலர் ஜோகூருக்குப் பெயர்ந்தனர். எரு இயற்கையானது என்பதனால் மட்டும் நிலம் பிழைத்துவிடாது.

புதிய விதையின் கதையும் அத்தகையதே. இந்தியா 2002 இல் பிடி பருத்திக்கு அனுமதி அளித்தது. 2002-03 இல் ஹெக்டேருக்கு 302 கிலோவாக இருந்த பஞ்சு, 2007-08 இல் 554 கிலோ ஆயிற்று. பாசனமும் உரமும் இதற்குத் துணைநின்றன. ஆனால் அவ்வுயரம் நிலைக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவ்விதையின் நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டது.

இலங்கையோ 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. அவ்வாண்டு முடியுமுன் தடையைத் தளர்த்தியும், அடுத்த பெரும்போக அறுவடையில் நெல் வெகுவாகக் குறைந்தது. போதிய எருவைத் தேடிவையாது உரத்தை நிறுத்துவது இயற்கை வேளாண்மை ஆகாது. அதன் பெயரைக் கெடுப்பதேயாகும்.

ஆகவே, ஓராண்டு அறுவடையை அளக்கும் நாழி நமக்குப் போதாது. இவ்விளைவு எத்தனை ஆண்டு நிற்கும்? எருவும் நீரும் எங்கிருந்து வரும்? விதைக்கும் மருந்துக்கும் கொடுத்தபின் உழவன் கையில் எஞ்சுவது யாது? இம்மூன்றையும் கேளாமல் ஒரு கட்சியில் சேர்வது ஆராய்ச்சி ஆகாது. பிறர் நிலத்து நெல்லை உண்டு வாழும் நாம், அந்நிலத்தின் நாளையைக் குறித்து வினவக் கடமைப்பட்டவர்கள்.